ஆர்ச்சியில் தேடி எஃப்டிபியில் இறக்குவதா, மெயிலில் வரவழைப்பதா?

1994-ல் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கோப்பு, கோப்புகளைச் சுருக்கவும் பிரிக்கவும் உதவும் டாஸ் மென்பொருளான பிகேஜிப் 2.04ஜி. 1993 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பு. அளவு சுமார் 200 கிலோபைட். இன்று காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ரோஜாப்பூ படமே அதைவிடப் பெரிதாக இருக்கும். எங்கள் கல்லூரி லேபில் இருந்ததோ பழைய 1.10. புதிய முறையில் சுருக்கிய ஜிப்களைக் கொடுத்தால் அதற்குப் பிரிக்கத் தெரியாது. எதை வரவழைத்தாலும் கடைசியில் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றோம்.

அப்போது நான்கு வழிகள் இருந்தன. ஆர்ச்சி என்ற தேடுகருவியில் தேடி, தொலைவில் உள்ள கணினியிலிருந்து கோப்பை இழுக்கும் முறையான எஃப்டிபியில் நேரடியாக இறக்கலாம். எஃப்டிபி வேலையை மெயிலில் எழுதி அனுப்பிக் கோப்பை மெயிலிலேயே வரவழைக்கலாம். கோஃபர் இருந்தது. சிடி வாங்கலாம். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் நான்கையும் தொட்டுப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு மெயிலுக்கு. வேகமான லைனில் உட்கார்ந்து எஃப்டிபி அடித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முதலில் தேடுவதைப் பார்ப்போம். ஆர்ச்சி 1990-ல் மான்ட்ரியாலின் மெகில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் எழுதியது. பீட்டர் டாய்ச், பில் ஹீலன் இருவரும் உடனிருந்தார்கள். ஆர்க்கைவ் என்ற ஆங்கிலச் சொல்லில் 'வி' எழுத்தை எடுத்துவிட்டால் ஆர்ச்சி, பெயர்க் காரணம் அவ்வளவுதான். நாமெல்லாம் வாடகை நூலகத்தில் படித்த காமிக்ஸ் பையனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலகெங்கும் திறந்து கிடந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட எஃப்டிபி தளங்களுக்குள் ஒவ்வொன்றாகப் போய், அங்கிருக்கும் கோப்புப் பெயர்களின் பட்டியலை வாங்கி வந்து வைத்துக்கொள்ளும். 20 லட்சம் பெயர்களுக்கு மேல் சேர்த்திருந்தார்கள். டெல்நெட் வழியாக, அதாவது தொலைவிலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்தும் கேட்கலாம், மெயிலிலும் கேட்கலாம். எங்களுக்கு மெயில்தான்.

சங்கடம் என்னவென்றால், ஆர்ச்சிக்குத் தெரிந்தது பெயர் மட்டும். 'ஜிப் பிரிக்கும் மென்பொருள்' என்று கேட்டால் அதற்கு ஒன்றும் புரியாது. பிகேஇசட்204ஜி என்று கோப்பின் பெயரையே சொல்ல வேண்டும். டாஸ் பெயர்கள் வேறு எட்டு எழுத்துக்குள் அடங்கியாக வேண்டும், அதனால் எல்லாமே பரம ரகசியச் சங்கேதம் மாதிரி இருக்கும். பெயர் தெரியாதவர்களுக்கு 'வாட்இஸ்' என்று ஒரு விளக்கப் பட்டியலும் வைத்திருந்தார்கள். எனக்கு அது இரண்டு தடவைதான் உதவியது. பெயர் தெரிந்தாலோ பதில் குவியும். ஒரே கோப்பு முப்பது தளங்களில் இருக்கும், பாதி தளங்களின் பட்டியல் ஒரு மாதப் பழசு. போய்ப் பார்த்தால் கோப்பை எடுத்துவிட்டிருப்பார்கள்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. நிர்வாகி பார்த்து அடுக்கிய கோப்பும், எவனோ வழியில் வந்தவன் 'இன்கமிங்' டைரக்டரியில் போட்டுவிட்டுப் போனதும் ஆர்ச்சி பட்டியலில் ஒன்றுபோலத்தான் வரும். 1995-ல் பிகேஇசட்300 என்ற பெயரில் ஒரு போலி சுற்றியது. பிகேஜிப்பின் புதுப் பதிப்பு என்று நம்பி ஓட்டியவர்களின் ஹார்டு டிஸ்க்கைத் துடைத்துவிடும் ட்ரோஜன்.

அதனால் கொஞ்ச நாளிலேயே ஆர்ச்சியை விட்டு அட்டவணைக்கு மாறினேன். அந்தக் காலத்தில் டாஸ் மென்பொருளுக்குப் பெரிய களஞ்சியம் சிம்டெல்20. நியூ மெக்ஸிகோவில் வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்தில், ராணுவத்துக்குச் சொந்தமான ஒரு டெக்சிஸ்டம்-20 கணினியில் இருந்தது. ராணுவக் கணினியில் உலகத்தின் இலவச மென்பொருளெல்லாம் எப்படிக் குடியேறியது என்பது தனிக் கதை. 36 பிட் இயந்திரம் என்பதால் வழக்கமான பைனரி முறையில் இழுத்தால் கோப்பு உருப்படாது, 'டெனெக்ஸ்' என்று ஒரு தனி முறை கொடுக்க வேண்டும். 1993 அக்டோபரில் அதை மூடிவிட்டார்கள். நல்லவேளையாக அதற்குள் பிரதிகள் பரவியிருந்தன: செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டபிள்யூயூ ஆர்க்கைவ், மிச்சிகனில் ஓக்லண்ட் பல்கலைக்கழகம். பின்லாந்தின் வாசா பல்கலைக்கழகத்தில் டிமோ சால்மி கவனித்துக்கொண்ட கார்போ தனிக் களஞ்சியம், ஆனால் அதே தரம். இவையெல்லாம் கோப்புப் பெயரோடு ஒரு வரி விளக்கமும் சேர்த்த முழுப் பட்டியலை ஒரே கோப்பாகக் கொடுத்தன. அதை ஒரு தடவை வரவழைத்துவிட்டால் போதும், லேபில் உட்கார்ந்து யூனிக்ஸின் தேடும் கட்டளையான க்ரெப் போட்டுக்கொள்ளலாம். தேடுவதற்குப் போனே தேவையில்லை. போலியும் அவ்வளவாக உள்ளே வராது, யாரோ ஒருவர் பார்த்துத்தான் அடுக்கியிருப்பார்.

கோஃபரைப் பற்றி இரண்டு வரி. 1991-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எண்ணிட்ட பட்டியல்களில் இறங்கிக்கொண்டே போகலாம். அதில் தேட 1992-ல் நெவாடா பல்கலைக்கழகத்தின் வெரோனிகா வந்தது, இந்தப் பெயர் மட்டும் நிஜமாகவே ஆர்ச்சிக்கு ஜோடியாக வைத்தது. படிப்பதற்குச் சுகமான இடம். ஆனால் நேரடித் தொடர்பு இல்லாமல் அதைப் புழங்க முடியாது, எனக்கு அது கிடைத்தபோது எல்லாரும் வலைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நான் கோஃபரில் இறக்கியது மொத்தமே ஐந்தாறு கோப்பு இருக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

சிடியும் அப்படித்தான், சுலபமான விஷயம். கலிபோர்னியாவின் வால்நட் க்ரீக் நிறுவனம் 1991 முதல் இந்தக் களஞ்சியங்களை சிடியாகப் போட்டு விற்றது. 600 மெகாபைட்டுக்கு மேல் ஒரே தட்டில் வந்துவிடும். நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வரும்போது சிம்டெல் சிடி கொண்டுவந்தார், லேபே விழாக்கோலம் பூண்டது. ஆனால் சிடி டிரைவ் இருந்த கணினி ஒன்றே ஒன்று, அதுவும் துறைத்தலைவர் அறையில். அப்புறம், நமக்கு வேண்டியது போன மாதம் வந்த பதிப்பாக இருந்தால் சிடியில் அது இருக்காது.

சரி, இப்போது முக்கியமான இடம். நேரடி எஃப்டிபியா, மெயிலா என்பதை என்னைப் பொறுத்தவரை தீர்மானித்தது ஒரே விஷயம்: லைன் பாதியில் அறுந்தால் என்ன ஆகும்?

எங்கள் கல்லூரியில் இணையம் என்று தனியாக எதுவும் கிடையாது. யூனிக்ஸ் கணினி ஒன்று, 2400 மோடம் ஒன்று. இரவு 11 மணிக்கு மேல் எஸ்டிடி கட்டணம் கால்வாசி ஆகும்போது அது தானாகச் சென்னையில் எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்புக்குப் போன் போட்டு, யூனிக்ஸ் கணினிகள் போன் வழியே கோப்பு கடத்தும் யூயூசிபி முறையில் மெயிலைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். மழை பெய்தால் லைனில் எண்ணெய்ச் சட்டி மாதிரி இரைச்சல். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றால் அது நல்ல நாள்.

2400 மோடத்தில் நொடிக்குச் சுமாராக 240 பைட் வரும். 200 கிலோபைட் கோப்பை ஒரே மூச்சில் இழுக்க 14 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் அறுகிற லைனில் 14 நிமிட வேலை என்றைக்கும் முடியாது. பத்து தடவை முயன்றால் பத்து தடவையும் முக்கால்வாசியில் நிற்கும், எஸ்டிடி கட்டணம் மட்டும் ஏறும்.

மெயில் வழி இதைச் சுற்றிக்கொண்டு போனது. அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் டெக் என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் எஃப்டிபிமெயில் என்ற சேவையை நடத்தியது, பால் விக்ஸி எழுதியது. கனெக்ட் என்று ஒரு வரியில் தளத்தின் பெயர், அடுத்த வரியில் டைரக்டரி, பைனரி, கெட் என்று கோப்பின் பெயர், கடைசியில் க்விட். இவ்வளவையும் மெயிலில் எழுதி அனுப்பினால் அவர்கள் கணினி நமக்காகப் போய் எடுத்து, யூயுஎன்கோட் செய்து (மெயிலில் போகும்படி வெறும் எழுத்துகளாக மாற்றி), 64,000 பைட் துண்டுகளாக வெட்டி அனுப்பும். யூயுஎன்கோட் கோப்பைப் பெருக்கிவிடும் என்பது உண்மை: 45 பைட் எடுத்தால் வரி முடிவையும் சேர்த்து 62 எழுத்து, அதாவது 38 சதவீதம் கூடுதல். 200 கிலோபைட் 280 ஆகி, ஐந்து துண்டாக வந்தது. மொத்த நேரமும் 14-லிருந்து 19 நிமிடத்துக்குப் போய்விட்டது.

ஆனால் ஒரு துண்டுக்கு நாலரை நிமிடம்தான். யூயூசிபிக்கு ஒவ்வொரு மெயிலும் தனி வேலை. லைன் அறுந்தால் அந்த நேரத்தில் வந்துகொண்டிருந்த துண்டு மட்டும் முதலிலிருந்து மறுபடி வரும், முன்னால் வந்து சேர்ந்தது சேர்ந்ததுதான். பத்து நிமிட லைனில் இரண்டு துண்டு உறுதி. மிச்சம் நாளை இரவு. நான் விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பேன், அறுந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

பிகேஜிப் வந்தது இப்படித்தான். முதல் நாள் காலை வந்து பார்த்தால் 3, 1. அடுத்த நாள் 5. அதற்கடுத்த நாள் 2. நாலாவது வரவேயில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு மறுபடி முழுதும் கேட்டு எழுதினேன், வந்த ஐந்தில் நாலாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஒட்டுப்போடும் வேலை. விஐ எடிட்டரில் ஒவ்வொரு துண்டையும் திறந்து மெயிலின் தலைப்பு வரிகளை வெட்டி எறிய வேண்டும். கோப்பு உள்ளே எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். தொடக்கத்திலும் முடிவிலும் ஓரிரு வரி தவிர யூயுஎன்கோட் வரிகள் எல்லாமே 'எம்' என்ற எழுத்தில்தான் தொடங்கும், பத்தி பத்தியாக இடதுபுறம் எம் எம் எம் என்று சுவர் எழுப்பினது போல நிற்கும். ஒரு வரி கூடப்போனாலும் குறைந்தாலும் கோப்பு போச்சு. சில மெயில் கணினிகள் வரிக் கடைசியில் இருக்கும் வெற்றிடத்தைத் தின்றுவிடும் கொடுமையும் உண்டு. அதற்காகவே பிற்பாடு வந்த என்கோடர்கள் வெற்றிடத்துக்குப் பதிலாகச் சாய்ந்த மேற்கோள் குறி ஒன்றைப் போட்டன.

மெயிலின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டெக் வரிசையில் நம் முறை வரச் சில சமயம் இரண்டு நாள் ஆகும். டைரக்டரி பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்றால் 'இல்லை' என்ற பதில் வரவே இரண்டு நாள். 'பைனரி' வரியை விட்டால் வருவது குப்பை. பெரிய கோப்பு கேட்டால் மற்றவர்களின் மெயிலெல்லாம் பின்னால் காத்துக் கிடக்கும். நான் ஒரு தடவை 2 மெகாபைட் கம்பைலர் ஒன்றைக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் பேராசிரியர்கள் கண்ணில் படாமல் நடந்தேன். எழுத்துக் கணக்கில் காசு வாங்கும் மெயில் கணக்காக இருந்திருந்தால் இந்த வழியை நான் நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். அந்த 38 சதவீதத்துக்கும் சேர்த்தல்லவா பணம் கட்ட வேண்டும்.

நேரடி எஃப்டிபி எனக்கு 1996-ல் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கிடைத்தது. வீட்டிலிருந்து போன் போட்டு அங்குள்ள யூனிக்ஸ் கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்து எஃப்டிபி. அனானிமஸ் என்று பெயர், மெயில் முகவரியே பாஸ்வேர்ட். 'ஹாஷ்' என்று தட்டினால் ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் ஒரு # விழும், அது விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு போதை இருந்தது உண்மைதான். நம் மதியம் இரண்டு மணி அவர்களுக்கு விடியற்காலை என்பதால் அமெரிக்கத் தளங்களில் இடம் தாராளமாகக் கிடைக்கும். மாலையில் போனால் 'ஆள் நிறைந்துவிட்டது, பிறகு வா' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் அங்கும் அதே கேள்விதான். வீட்டுப் போன் அறுந்தால் அந்த யூனிக்ஸ் கணினியில் நான் கட்டளை தட்டிக்கொண்டிருந்த ஷெல் செத்துவிடும், அதோடு கடல் தாண்டி வந்துகொண்டிருந்த எஃப்டிபியும் போகும். கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிப் பின்னணியில் ஓடவிட்டு வெளியே வந்துவிடலாம் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லித்தந்த பிறகுதான் நிம்மதி. யூனிக்ஸ் கணினியில் இறங்கியதை வீட்டுக்கு இழுக்க இசட்மோடெம் என்ற முறை இருந்தது. அது விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பதால் அங்கே அறுந்தாலும் கவலையில்லை. இந்த இரண்டும் கைவசம் இருந்தவருக்கு மெயில் வழி தேவையே இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். உட்கார்ந்த இடத்தில் நாலு டைரக்டரிக்குள் புகுந்து பார்த்து, ரீட்மீ படித்துவிட்டு எடுக்கும் சுகமும் எஃப்டிபியில்தான் உண்டு. 1996-க்குப் பிறகு நான் எஃப்டிபிமெயிலுக்கு எழுதியதாக ஞாபகம் இல்லை.

அந்த ஐந்து துண்டையும் ஒட்டி, யூயுடிகோட் செய்து பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, ஃப்ளாப்பியில் போட்டு டாஸ் கணினியில் ஓட்டினேன். ஒவ்வொரு கோப்பும் பிரிந்து விழும்போது பக்கத்திலேயே அசல் என்பதற்கு அடையாளமாக ஏவி என்று ஒரு குறி வந்தது. கடைசி வரியில் 'ஆதென்டிக் ஃபைல்ஸ் வெரிஃபைட்', அதற்குப் பக்கத்தில் தயாரித்த நிறுவனத்தின் அடையாள எண் பிகேடபிள்யூ655. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த வரி வராது. லேப் அட்டெண்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "இதுக்காடா பத்து நாளா காலைல காலைல ஓடி வந்தே?" என்றார்.