மதுரை மொட்டை மாடியில் ரோஜா: எது நின்றது, எது போனது

நர்சரியில் பூவைப் பார்த்து ரோஜா வாங்குகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. மதுரையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் அடிக்கிற மாடியில் பல வருடங்களாக ரோஜா வளர்க்கிறேன். இதில் சொல்வதெல்லாம் சமவெளிக்காரர்களுக்கு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருக்கிறவர்களுக்கு இந்தக் கவலைகளில் பாதி கிடையாது. எதை ஊன்றினாலும் பூக்கும், நமக்குப் பார்த்து வயிறெரிய வேண்டியதுதான்.

மே மாதத்தில் இலையைக் கொட்டாமல் நிற்கிற செடி எதுவோ அதுதான் இங்கே நல்ல ரோஜா. இந்த ஒரு சோதனையை வைத்துப் பார்த்தால் என் மாடியில் முதலிடம் பன்னீர் ரோஜாவுக்கு. பூ பார்க்கக் கொஞ்சம் கசங்கினாற்போல இருக்கும். காலையில் விரிந்தது சாயங்காலத்துக்குள் இதழ் கொட்ட ஆரம்பிக்கும். ஜாடியில் வைக்க லாயக்கில்லை. ஆனால் வாசனைக்கும், சாமிக்கும், தலையில் வைக்கவும், குல்கந்து போடவும் இதற்கு மாற்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து நர்சரிகளில் பன்னீர் ரோஜா என்று கேட்டாலும் எட்வர்டு ரோஜா என்று கேட்டாலும் ஒரே இளஞ்சிவப்புச் செடியைத்தான் எடுத்துத் தருகிறார்கள். எட்வர்டு ரோஜா இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்த இனம். டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தாமாகவே கலந்து பிறந்தது. வாசனை ஒரு பக்கத்திலிருந்து வந்தது, வருடம் முழுக்க விட்டுவிட்டுப் பூக்கிற குணம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. அத்தருக்குப் பெயர்போன கன்னோஜுக்குப் போகும் டமாஸ்க் ரோஜா வேறு. அது வசந்தத்தில் மொத்தமாகப் பூத்து ஓய்ந்துவிடும் ரகம், நம் மாடிக்கு ஒத்துவராது.

பன்னீர் ரோஜாவில் இன்னொரு வசதி, பென்சில் தடிமனில் ஒரு குச்சியை ஒடித்து வைத்தாலே வேர் விடும். மழைக்காலம் தொடங்கும்போது வைத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். சொந்த வேரில் நிற்கிற செடி என்பதால் மேலே மொத்தமாகக் கருகிப்போனாலும் அடியிலிருந்து அதே செடிதான் துளிர்க்கும். பட்டன் ரோஜாவுக்கும் இதே பலம் உண்டு. வாசனை ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் கொத்துக்கொத்தாக, கத்திரி வெயிலிலும் கூச்சப்படாமல் பூக்கிறது. ரோஜா வளர்த்தே பழக்கமில்லாதவர்கள் பட்டனில் தொடங்கலாம். ஆந்திரா சிவப்பு என்று விற்பதும் அப்படித்தான், பிடிவாதமான செடி.

சரி, பெரிய பூ ரோஜாக்களுக்கு வருவோம். நர்சரியில் கண்ணை இழுப்பவை எல்லாம் பெரும்பாலும் ஹைபிரிட் டீ என்ற கலப்பின வகை. 1867இல் பிரான்ஸில் வந்த லா பிரான்ஸ் என்ற ரோஜாவிலிருந்து இந்த வரிசையைத் தொடங்குவது வழக்கம். அதற்குப் பிறகு வந்தவற்றில் மிகப் பல, குளிரில் இலை உதிர்த்துச் சில மாதம் தூங்கி எழும் ஊர்களில் உருவாக்கப்பட்டவை. நம் ஊரில் அந்தத் தூக்கம் கிடைப்பதில்லை. செடி வருடம் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கிளை மெலியும், பூ சிறுத்துக்கொண்டே போகும். ஆகவே ஓய்வை நாம்தான் கொடுக்க வேண்டும், கவாத்து என்பது அதுதான். தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக் காலம். நான் ஆயுத பூஜையை ஒட்டி, மழை விட்டிருக்கும் ஒரு நாளாகப் பார்த்துச் செய்கிறேன். நல்ல கிளைகளைப் பாதி உயரத்துக்கு வெட்டி, மெலிந்ததையும் ஒன்றையொன்று உரசுவதையும் அடியோடு எடுத்துவிடுகிறேன். வெட்டுவாயில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை கட்டாயம் பூச வேண்டும். பூசாமல் விட்டு மழையில் நனைந்தால் நுனிக்கருகல் மேலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கும், மேல்செடியை வேறொரு வேர்ச்செடியோடு இணைத்த ஒட்டு வரை போய்விட்டால் செடி கதை முடிந்தது. வெட்டி ஆறேழு வாரத்தில் பூ வரும். மார்கழியிலும் தையிலும் வருகிற பூதான் வருடத்திலேயே சிறந்தது.

இந்த வகையில் எனக்கு நின்றது கிளாடியேட்டரும் டபுள் டிலைட்டும். கிளாடியேட்டர் 1955இல் வந்த பழைய ரகம், அழுத்தமான சிவப்பு ரோஸ் நிறம், முரட்டுச் செடி. டபுள் டிலைட்டை 1977இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். பாலாடை நிறத்தில் விரிந்து வெயில் படப்பட ஓரத்திலிருந்து சிவக்கும், வாசனையும் தூக்கல். மதுரை வெயிலுக்கு அது ஒரே நாளில் முழுக்கச் சிவந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படத்தில் பார்க்கிற அந்த இரட்டை நிறத்தை விடிகாலையில் பார்த்தால்தான் உண்டு.

தவிர்க்கச் சொல்வது டச்சு ரோஸ் என்று விற்கிற பொக்கே கடை ரோஜாக்களை. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளரும் தாஜ்மகால் மாதிரி ரகங்கள் நீளக் காம்புக்காகவும் லாரியில் வாடாமல் போய்ச் சேரவும் வளர்க்கப்படுபவை. திறந்த மாடியில் இலைப்பேன், சிவப்புச் சிலந்தி என்ற சாறு உறிஞ்சிகளுக்கு விருந்து வைத்தது போலாகிறது. அப்புறம் இந்த நீல ரோஜா விதை. ஆன்லைனில் இன்றும் விற்கிறார்கள், வாங்கவும் செய்கிறார்கள். ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாவே வெளிர் ஊதாதான், அசல் நீலம் இல்லை. தவிர, ஒட்டு ரகங்களை விதை போட்டு வளர்த்தால் தாய்ச்செடி போல வராது. பாக்கெட்டில் இருப்பது ரோஜா விதையாக இருந்தாலே அதிர்ஷ்டம்.

செடி வாங்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். ஒட்டு போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும், அதிலிருந்து குறைந்தது இரண்டு தடித்த கிளையாவது கிளம்பியிருக்க வேண்டும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பேன். பூத்துக் குலுங்குவதை விட்டுவிட்டு மொட்டு வைத்ததை எடுப்பேன். ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து இலைதான் நல்லது என்று நர்சரியிலேயே சொல்வார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். நல்ல ரகங்களிலும் ஏழு சிற்றிலை வரும். கிளை எங்கிருந்து வருகிறது என்பதுதான் கணக்கு. ஒட்டுக்குக் கீழே இருந்து வந்தால் அது வேர்ச்செடியின் கிளை, ஐந்து இலையாக இருந்தாலும் கிள்ளி எறிய வேண்டும். விட்டால் அது மேல்செடியைப் பட்டினி போட்டுவிடும்.

நர்சரிகளுக்குப் பெயர்போன ஆந்திராவின் கடியத்திலிருந்து வரும் செடிகள் கெட்டியான களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே தொட்டியில் இறக்கினால் வேர் அந்த உருண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு, வெளியே ஈரமும் உள்ளே காய்ச்சலுமாகச் செடி சோர்ந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்து வெளிப்பக்க மண்ணை விரலால் கரைத்துவிட்டுத்தான் நடுகிறேன். இந்த வேலையை வெயில் காலத்தில் செய்யக் கூடாது. ஒரு கடையில் சித்திரையில் விலை குறைத்துத் தருகிறேன் என்றார்கள், சித்திரைச் செடி ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

பூச்சிகளில் என்னைப் படுத்துவது இலைப்பேன். மாசியில் தொடங்கும். மொட்டு பெரிதாகும், ஓரம் பழுப்பாகும், விரியாமலே நின்றுவிடும். வெள்ளையிலும் மஞ்சளிலும் இதன் அடையாளம் பளிச்சென்று தெரியும், அதனாலேயே அந்த இரண்டு நிறத்தையும் நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். பாதித்த மொட்டைக் கிள்ளித் தொட்டியில் போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடிக்கிறேன், சாயங்காலத்தில் மட்டும். உச்சி வெயிலில் அடித்தால் பூச்சிக்கு முன்னால் இலை கருகும். இலைக்கு அடியில் மெல்லிய வலை பின்னும் சிவப்புச் சிலந்திக்குக் காலையில் அடிப்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சுவதே பாதி வைத்தியம். இலையில் கரும்புள்ளி நோய் மழையில் வரும், விழுந்த இலையைப் பொறுக்கினால் கட்டுக்குள் இருக்கும்.

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்புத் தண்ணீரால் செடிக்குக் கிடைக்காமல் போகிறது. உரக்கடையில், செடி உறிஞ்சிக்கொள்ளும்படி செலேட் செய்த இரும்பு கிடைக்கும், அது வேலை செய்கிறது. ஐப்பசி மழையில் தொட்டிகளை ஒதுக்கி வைக்காமல் நன்றாக நனையவிட்டால் உப்பு கழுவிக்கொண்டு போகும். முட்டை ஓடும் சுண்ணாம்புதான், இந்தத் தண்ணீருக்கு அதை வேறு போடுவது வீண். எப்சம் உப்பையும் சர்வரோக நிவாரணி ஆக்கிவிட்டார்கள். அதில் இருப்பது மெக்னீசியமும் கந்தகமும்தான், பூவை வரவழைக்கிற மந்திரம் எதுவும் இல்லை. மக்கிய ஆட்டு எருவும் வேப்பம் புண்ணாக்கும் மாதம் ஒரு கை, புளிக்கவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் அவ்வப்போது நீர்க்க. இதற்கு மேல் நான் செலவு செய்வதில்லை.

நம் வெயிலுக்கென்றே ரோஜா உருவாக்க முயன்றவர்களும் உண்டு. கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதி வங்காளம், பீகார் பக்கம் நீர்நிலை ஓரங்களில் வளரும் ரோசா கிளினோஃபில்லா என்ற காட்டு இனத்தையும், மணிப்பூரின் ரோசா ஜைஜான்டியாவையும் பயன்படுத்தி வெப்பம் தாங்கும் ரகங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரில் ஒரு மஞ்சள் ரோஜாவும் அவர்களுடையது. மஞ்சள் வேண்டாம் என்ற என் விதியை அதற்காக மட்டும் தளர்த்துவேன். மதுரை நர்சரிகளில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், டச்சு ரோஸ் இருக்கு எடுத்துக்குங்க என்கிறார்கள்.

கோடைக்கு ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் உரமும் வெட்டும் கிடையாது. ஒட்டுச் செடிகளுக்கு மேல் வெயிலை ஐம்பது சதவீதம் மறைக்கிற பச்சை வலை கட்டி, தொட்டிகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வைக்கிறேன். வருகிற மொட்டுகளையும் கிள்ளிவிடுகிறேன், எப்படியும் பட்டன் அளவில்தான் பூக்கப்போகிறது. பன்னீருக்கு வலை தேவையில்லை. ஆடிக் காற்றில் மட்டும் அது தொட்டியோடு சாயும், கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தள்ளி ஒரு குச்சி கட்டிவிட்டால் போதும்.