திருகோணமலை முதல் கற்பிட்டி வரை: டபுள் கேப்பில் வள்ளம் இழுத்த மூன்று வருடம்

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கக் கடலில் சின்ன வள்ளத்துக்கு வேலை இல்லை. ஐப்பசி கடைசியில் திருகோணமலைக்கு வடக்கே உள்ள குச்சவெளியிலிருந்து வள்ளத்தை ட்ரெயிலரில் ஏற்றி, ஏ12 வீதியால் ஹொரவப்பொத்தானை, அனுராதபுரம், புத்தளம் கடந்து மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டிக்குக் கொண்டுபோவோம். பங்குனியில் திரும்புவோம். ஒரு வழிக்கே 250 கிலோமீற்றருக்கு மேல் வரும். இதுவரை ஆறு தடவை ஓடியாகிவிட்டது.

இழுப்பதற்கு டபுள் கேப்பை (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்பை) வாங்கும்போது நான் பார்த்தது அதன் எஞ்சின் பலத்தை மட்டும்தான். அது எனக்கு ஒருநாளும் குறைவாக இருந்ததில்லை. முதல் பயணத்தில் ஹொரவப்பொத்தானை தாண்டி 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் வள்ளம் ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் எட்டிப் பார்க்கிறது. பக்கத்தில் இருந்த மச்சான், "பிரேக்கை அமத்தாத, காலை மட்டும் எடு!" என்று கத்தினார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அக்சிலேட்டரை விட்டேன். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. அந்த நேரம் பிரேக்கை அழுத்தியிருந்தால் பின்னாலிருந்த எடை எங்களையும் திருப்பிப் போட்டிருக்கும்.

காரணம், வள்ளத்தின் 40 குதிரைவலு எஞ்சினை அதன் பின்பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்து, ட்ரெயிலரைச் சமதரையில் நிறுத்தி, டோ பாரில் (வாகனத்தின் பின்னால் ட்ரெயிலரை மாட்டும் இரும்புச் சட்டத்தில்) மாட்டும் உயரத்துக்குக் கட்டை அடுக்கி, அதன்மேல் ஆள் நிறுக்கும் தராசை வைத்து ட்ரெயிலரின் மூக்கை, அதாவது முன்முனையை, இறக்கினேன். 20 கிலோதான் காட்டியது. வள்ளத்தோடு ட்ரெயிலர் மொத்தம் 690 கிலோ. மூக்கில் பத்தில் ஒரு பங்காவது இறங்க வேண்டும். எஞ்சினைக் கழற்றி டபுள் கேப்பின் பின் தட்டில், கெபினை ஒட்டிக் கட்டினோம். ட்ரெயிலர் 610 ஆனது, மூக்கு 75. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு ஆட்டம் இல்லை. ஆனால் மூக்குப் பாரமும் தட்டில் ஏற்றியதும் சேர்ந்தே வாகனத்தின் சுமைக் கணக்கில் வரும். பின்பக்கம் இறங்கினால் முன்விளக்கு மேலே தூக்கி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

எங்கள் ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் இல்லை. பெரும்பாலான பிக்கப்புகளில் அப்படிப்பட்ட ட்ரெயிலருக்கு 750 கிலோதான் எல்லை. அதனால் வலைகளை லொறியில் அனுப்பிவிடுகிறோம்.

டோ பார் விஷயத்தில் நான் ஏமாந்தேன். முதலில் ஒரு வெல்டிங் கடையில் பம்பரோடு ஒட்டித் தந்தார்கள். நாலு மாதத்தில் ஒட்டிய இடம் வெடித்தது. இப்போது இருப்பது இரண்டு பக்கச் சேசிலும் (வாகனத்தின் அடிச்சட்டத்திலும்) போல்ட் போட்டது. டோ பாரில் இருக்கும் உருண்டையின் அளவையும் பாருங்கள். ட்ரெயிலர் மூக்கில் அந்த உருண்டையைப் பூட்டும் 50 மில்லிமீற்றர் கப்ளிங்குக்கு 47.6 மில்லிமீற்றர் உருண்டையும் பூட்டுப்படும், சரியாக இருப்பதுபோலவே தெரியும், குழியில் விழும்போது கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டினால், கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.

உப்புத் தண்ணீரில் முதலில் போவது ட்ரெயிலர் சில்லுக்குள் இருக்கும் பேரிங்தான். தூரம் ஓடி வந்த சில்லு சூடாக இருக்கும்போதே கடலில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாம் வருடம் ஒரு பேரிங் அப்படிப் போய், புத்தளத்துக்கு முன்னால் வீதியோரத்தில் நாலு மணி நேரம் இருந்தோம். இப்போது கை வைத்துப் பார்த்து, சில்லு ஆறிய பிறகே இறக்குகிறேன். ஒவ்வொரு பருவத்துக்கும் புதுக் கிறீஸ். பேரிங் பூட்டிய உபரி ஹப் (சில்லு மாட்டும் நடுப்பகுதி) ஒன்றும் வாகனத்திலேயே கிடக்கும்.

வள்ளத்தை, அதை ட்ரெயிலரில் இழுத்தேற்றும் வின்ச் கயிற்றை மட்டும் நம்பி விடாதீர்கள். அணியத்துக்கு (வள்ளத்தின் முன்பக்கத்துக்கு) தனிச் சங்கிலி, பின்பக்கத்துக்கு இறுக்கிக் கட்டும் இரண்டு ராட்செட் பட்டி. பட்டியை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் இரையாது. ரயர் காற்றைக் காலையிலேயே, சூடேறுமுன் அளக்கிறோம்.

இரவில் ஓடுவதில்லை. ஒருமுறை பொழுதுபட்ட பிறகு வீதியில் யானை நின்றது. ட்ரெயிலரோடு பின்னால் எடுக்க எனக்கு அப்போது கை பழகவில்லை. விளக்கைக் குறைத்துவிட்டு, அது காட்டுக்குள் போகும்வரை முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தோம். ஊருக்கு வந்ததும் பள்ளி மைதானத்தில் ட்ரெயிலரைப் பின்னால் எடுக்கப் பழகினேன், ஒரு வாரம் முழுக்க.