கொடைக்குக் கலைஞர்களைத் தேட உதவிய ஒரு கையேடு

எங்கள் குடும்பத்துச் சுடலைமாடன் கோயிலின் கொடை என்னும் திருவிழாவுக்கு ஒரு வில்லுப்பாட்டுக் குழுவையும், மகுடம் என்னும் தோல்கருவியை அடித்துக் கதை பாடி ஆடும் கணியான் கூத்துக்கு ஒரு ‘செட்’டையும், அதாவது குழுவையும், பேச வேண்டியிருந்தபோது, நெல்லை, தூத்துக்குடி, குமரி வட்டாரங்களின் நாட்டுப்புறக் கலைஞர்களைத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கும் ஒரு கையேட்டைப் பயன்படுத்தினேன். கட்டணம் இல்லை, பதிவு செய்துகொள்ளவும் வேண்டியதில்லை. கலையின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் கலைஞரின் பெயர், ஊர், தொலைபேசி எண், ஒரு படம், சிலருக்கு ஒரு காணொளி ஆகியவை கிடைக்கின்றன.

இதன் பெரிய நன்மை, கலைஞரிடமே நேராகப் பேச முடிவது. இதுவரை எங்கள் ஊரில் மேளக்காரரிடம் சொல்லி, அவர் ஒரு தரகரிடம் சொல்லி, பேசிய தொகையில் எவ்வளவு பாடுகிறவர் கைக்குப் போகிறது என்றே தெரியாமல்தான் அச்சாரம் கொடுத்துவந்தோம். இம்முறை கணியான் கூத்தில் முதன்மையாகப் பாடும் அண்ணாவியே தொலைபேசியை எடுத்து, கோயில் எது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சாமப் பூசை என்று கேட்டார். அந்த மூன்று கேள்விகளிலேயே அவருடைய அனுபவம் தெரிந்துவிட்டது.

ஆனால் கையேட்டின் அடிப்படை அமைப்பில் ஒரு கோளாறு இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய உறுப்பினர் அட்டை தனி ஆளுக்கு வழங்கப்படுவதுபோல, இதுவும் ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாகவே பதிந்திருக்கிறது. கொடைக்கு நாம் அமர்த்துவதோ தனி ஆளை அல்ல, செட்டை. கணியான் கூத்துக்கு அண்ணாவி, பின்பாட்டுக்காரர், உச்ச ஒலிக்கும் மந்த ஒலிக்குமாக மகுடம் அடிக்கும் இருவர், பெண் வேடமிட்டு ஆடும் இருவர் ஆகியோர் சேர்ந்தால்தான் ஆட்டம். வில்லுப்பாட்டிலும் வில்லடித்துப் பாடும் புலவரோடு குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றுக்கு ஆட்கள் வேண்டும். கையேட்டில் மகுடக்காரர் ஒருவரின் எண் கிடைத்தால், அவர் எந்த அண்ணாவியோடு போகிறவர் என்பதை நாமேதான் கேட்டு அறிய வேண்டியிருக்கிறது. ஒரே செட்டைச் சேர்ந்தவர்கள் மூன்று இடங்களில் மூன்று பேராகக் கிடப்பதால், முதலில் பார்ப்பவருக்கு மூன்று செட்டுகள் இருப்பதுபோலத் தோன்றும்.

அடுத்தது, மேடைக்கும் கோயிலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையேடு காட்டவே இல்லை. கல்லூரி விழாவில் ஒரு மணி நேரம் பாடும் குழுவும், சாமியின் பிறப்பு முதல் கதையைச் சொல்லி, சாமியாடி ஆடும் நேரத்துக்குப் பாட்டை ஏற்றவும் இறக்கவும் தெரிந்த குழுவும் ஒன்றல்ல. கொடைக்கு ஆள் பேசுகிறவர்கள், மாடன் கதை முழுவதும் பாடுவீர்களா என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது. காணொளிகளில் பெரும்பாலானவை அரசு விழா மேடைகளில் எடுக்கப்பட்டவை என்பதால், அவற்றை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது.

மாவட்டப் பிரிவும் பழையதாகவே இருக்கிறது. தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்ட பிறகும் சங்கரன்கோவில் பக்கத்துக் கலைஞர்கள் சிலர் நெல்லைப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். ஆகவே இரண்டிலும் தேட வேண்டும். ஓர் எண் பயன்பாட்டில் இல்லை என்று எழுதியபோது சில நாட்களில் திருத்தினார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

தொகை எதுவும் அச்சிடப்படவில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஓர் இரவா இரண்டு இரவா, வண்டி யாருடையது, எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும் தொகைக்கு ஒரு விலைப்பட்டியல் போட்டால், அதைக் காட்டிப் பேரம் பேசத்தான் அது பயன்படும். அதற்குப் பதிலாக, எந்தெந்த நாட்கள் ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டன என்று ஒரு நாட்காட்டி இருந்தால் இரு தரப்புக்கும் உதவும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான கொடைகள் செவ்வாய், வெள்ளியை ஒட்டியே வருவதால், பங்குனியிலும் சித்திரையிலும் நல்ல செட்டுகளை ஒரே நாளுக்குப் பல ஊர்கள் கேட்கும். அந்த மாதங்களில் காலையில் அழைப்பதையும் தவிர்க்கலாம். விடிய விடியப் பாடிவிட்டு வந்தவர்கள் அப்போதுதான் உறங்கியிருப்பார்கள்.