ஆடிக்காற்றில் இரண்டு சீசன்: ட்ரோனில் காற்றை அளந்து பறந்த அனுபவம்

ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் நில அளவைக்கு ட்ரோன் ஓட்டுகிறேன். நானே கட்டிய 3 கிலோ ஹெக்ஸாகாப்டர் (ஆறு விசிறி ட்ரோன்), உள்ளே அதை ஓட்டும் ஆர்டுபைலட் மென்பொருள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே அடிக்கும் காற்றுக்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. சீராக அடித்தால் கவலையில்லை, ட்ரோன் காற்றுப் பக்கம் சாய்ந்து நின்றுகொள்ளும். குப்பென்று ஏறி, சட்டென்று விழுகிற காற்றுதான் பாடாய்ப் படுத்தும். ஜிபிஎஸ் சொல்வது தரையை வைத்த வேகம், அசைவையும் சாய்வையும் உணரும் ஐஎம்யூ சென்சாருக்குத் தெரிவது தள்ளுப்பட்ட பிறகு. காற்று எவ்வளவு என்று நேராகச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலில், எதிர்க்காற்றின் அழுத்தத்தை வைத்து வேகம் சொல்லும் பிட்டோ குழாய் மாட்டினேன். விமானத்துக்குச் சரி, நமக்கு ஆகாது. வினாடிக்கு 10 மீட்டர் காற்றில் கிடைக்கும் அழுத்தமே சுமார் 60 பாஸ்கல், 3 மீட்டரில் வெறும் 5. வெயில் ஏறினால் என் சென்சாரின் பூஜ்யமே அந்த அளவுக்கு நகர்ந்தது. பக்கவாட்டுக் காற்றும் அதற்குச் சரியாகப் பிடிபடாது. ஒரே மாதத்தில் கழற்றிவிட்டேன்.

அப்புறம் 50 கிராம் அல்ட்ராசோனிக் காற்றளவி. ஒலி இங்கிருந்து அங்கே போகும் நேரத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடுவது. முதலில் குட்டையாக மாட்டியதால், மூடிய மண்டபத்தில்கூட ட்ரோனின் சொந்த விசிறிகள் இழுக்கும் காற்றைப் படித்துக் காட்டியது. 40 செ.மீ. கார்பன் குழாயில் உயர்த்தியதும் ஒழுங்குக்கு வந்தது. நல்ல கருவிதான், ஆனால் விலை கூடுதல், கடினமாக இறங்கினால் முதலில் அடிபடுவதும் அதுதான்.

இரண்டாவது சீசனில் நான் நம்பியது சென்சாரே இல்லாத வழியை. ட்ரோன் ஒரே இடத்தில் நிற்க எவ்வளவு சாய்கிறது என்பதிலிருந்தே காற்றை மதிப்பிடும் வசதி ஆர்டுபைலட்டில் சென்சார்களின் அளவுகளைச் சேர்த்து ட்ரோனின் நிலையைக் கணிக்கும் இகேஎஃப்3 பகுதியில் இருக்கிறது, பலர் தொடுவதே இல்லை. விடியற்காலை காற்று விழுந்திருக்கும்போது முன், பின், இடம், வலம் என்று நாலு பக்கமும் ஒரே வேகத்தில் ஓட்டி, பறப்புப் பதிவை (லாக்) எடுத்து, காற்று ட்ரோனை எவ்வளவு இழுக்கும் என்று சொல்லும் இழுவைக் குணகங்களைக் கணக்கிட்டுப் போட்டேன். காற்றளவியோடு ஒப்பிட்டால் வேகமும் திசையும் பெரும்பாலும் ஒத்துப்போயின. நொடிக்குள் வந்து போகும் வீச்சில் மட்டும் கொஞ்சம் பிந்துகிறது.

பெரிய பலன் உயரத்தில்தான் கிடைத்தது. ட்ரோன் தன் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்து அறிவது அழுத்தமானியால், வீசும் காற்று அது இருக்கும் பெட்டிக்குள் புகுந்து அதைக் குழப்பும். 12 பாஸ்கல் மாறினால் ஒரு மீட்டர் உயரம் தப்பாகிவிடும். முதல் சீசனில் ஒவ்வொரு வீச்சுக்கும் ட்ரோன் ஒரு முழம் குதித்து இறங்கியதை நான் மோட்டார் கோளாறு என்று நினைத்து இரண்டு மோட்டார் மாற்றினேன்! அழுத்தமானிமேல் பஞ்சு ஒட்டி, காற்று மதிப்பீட்டை வைத்து அந்த அழுத்தப் பிழையைச் சரிசெய்யும் ஆர்டுபைலட் வசதியையும் இயக்கியதும் அந்தக் குதிப்பு பெருமளவு அடங்கிவிட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காசைப் பஞ்சுக்கும், நேரத்தை அந்த விடியற்காலை ஓட்டத்துக்கும் செலவிடுங்கள், காற்றளவி அப்புறம் பார்க்கலாம். நான் அதை இன்னும் கழற்றாததற்குக் காரணம் கணவாய் மேட்டில் கீழிருந்து எழும்பும் காற்று, அதைச் சாய்வு காட்டிக்கொடுப்பதில்லை.