பேசிஜின்-1, பேசிஜின்-2: விழித்திரையில் யார் கை ஓங்கியிருக்கிறது?

ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்தும் குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் பெரும்பங்கை லாக்டேட்டாக (குளுக்கோஸ் பாதி உடைந்து வரும் பொருள்) வெளியே தள்ளிவிடும் திசு விழித்திரை. ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே இதைக் கவனித்துவிட்டார். ஆனால் லாக்டேட் செல் சவ்வைத் தானாகத் தாண்டாது. எம்.சி.டி. எனப்படும் கடத்திப் புரதங்கள் ஒரு லாக்டேட்டோடு ஒரு புரோட்டானையும் சேர்த்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடவேண்டும். அந்தக் கடத்திகளுக்கோ பக்கத்தில் இன்னொரு சவ்வுப் புரதம் துணைக்கு இல்லாவிட்டால் வேலையே ஓடாது. அந்தத் துணைதான் பேசிஜின்.

ஒரே மரபணுவிலிருந்து இரண்டு வடிவங்கள் வருகின்றன. பேசிஜின்-2 உடம்பு முழுக்க உண்டு. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் இரண்டு இம்யூனோகுளோபுலின் மடிப்புகள் (எதிர்ப்பான்களில் காணப்படும் வகைப் புரத மடிப்பு). பேசிஜின்-1க்கு மூன்று, அது விழித்திரையின் ஒளிவாங்கி செல்களுக்கே உரியது. சவ்வுக்குள் புதைந்திருக்கும் பகுதி இரண்டிலும் ஒன்றுதான்.

புகழெல்லாம் பேசிஜின்-1 பக்கம். காரணம், 2015இல் 'செல்' இதழில் வந்த ஓர் ஆய்வு. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரைப் பார்வையிழப்பு நோயில் மரபணுப் பழுது பெரும்பாலும் மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் கோல் செல்களில்தான். அப்படியிருக்க, நிறம் காட்டும், பழுதில்லாத கூம்பு செல்களும் பின்னாலேயே ஏன் சாகின்றன? கோல் செல்கள் ஆர்டிசிவிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது கூம்பு செல்லின் பேசிஜின்-1ஐப் பிடிக்கிறது. பேசிஜின்-1 குளூட்-1 என்ற குளுக்கோஸ் கடத்தியோடு சேர்ந்து நிற்பதால் குளுக்கோஸ் வரத்து கூடுகிறது. கோல் செல் போனால் அந்தப் படியளப்பும் போயிற்று. கதை கச்சிதமாக இருப்பதால்தான் எல்லோர் வாயிலும் இருக்கிறது என்று எனக்கொரு சந்தேகம்.

பேசிஜின்-2 செய்வது கூலிவேலை. எம்.சி.டி.-1, 3, 4 மூன்றும் சவ்வை 12 முறை ஊடுருவும் பெரிய புரதங்கள்; பேசிஜின் ஒரே ஒரு முறைதான். ஆனால் அந்த ஒற்றை ஊடுருவலின் நடுவில் மின்சுமையுள்ள குளூட்டமேட் என்ற அமினோ அமிலம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய்ப் பசையான சவ்வுக்குள் மின்சுமை இருப்பதே அபூர்வம். கடத்தியோடு கைகோக்க அது முக்கியம். பேசிஜின் மரபணுவையே நீக்கிய எலிகளில் இந்த எம்.சி.டி.கள் சவ்வுக்கு வந்து சேரவில்லை. அவற்றுக்கான ஆர்.என்.ஏ. குறையவில்லை, புரதம்தான் இடத்தில் இல்லை. இளம் வயதிலேயே விழித்திரையின் மின்சமிக்ஞை தளர்ந்தது. ஒளிவாங்கிகள் பிறகு மெல்ல அழிந்தன.

யார் யாரை அழைத்துப் போகிறார்கள் என்பதும் வேடிக்கைதான். எம்.சி.டி.-3 தன் முகவரியைத் தானே வைத்திருக்கிறது: விழித்திரை நிறமிப் படலத்தின் (ஒளிவாங்கிகளுக்குப் பின்னால் உள்ள செல் அடுக்கு) பின்பக்கம், அதற்கும் பின்னாலுள்ள ரத்தநாளப் படலமான கோராய்டை நோக்கி. எம்.சி.டி.-1க்கு அப்படி எதுவும் இல்லை, பேசிஜின் போகும் இடத்துக்குப் போகும். நிறமிப் படலத்தில் அது ஒளிவாங்கிகளைப் பார்த்த பக்கம்.

எம்பிஜின் என்ற மூன்றாவது ஆளை மாற்றாக நிறுத்த முடியுமா? அது எம்.சி.டி.-2இன் வழக்கமான துணை. பிசிஎம்பிஎஸ் என்ற பாதரசச் சேர்மம் எம்.சி.டி.-1ஐ முடக்கும், ஆனால் அது தாக்குவது கடத்தியை அல்ல, பேசிஜினின் கந்தகப் பிணைப்பை. எம்.சி.டி.-1ஐ எம்பிஜினோடு ஜோடி சேர்த்தால் அந்த நஞ்சு பலிப்பதில்லை. ஆக, ஜோடி மாற்றலாம். ஆனால் பேசிஜின் இல்லாத எலியின் விழித்திரையை எம்பிஜின் காப்பாற்றவில்லை.

என் ஓட்டு பேசிஜின்-2க்கு. எம்.சி.டி.-3ஐ மட்டும் நீக்கிய எலியில் லாக்டேட் தேங்கியது, மின்சமிக்ஞை குறைந்தது. ஆனாலும் விழித்திரையின் அமைப்பு கலையவில்லை. ஒரு கடத்தி போனால் சமாளிக்கலாம், துணை போனால் எல்லாக் கடத்திகளும் ஒரே நேரத்தில் போகின்றன. இதில் ஒரு ஓட்டை இருப்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: முழு மரபணுவை நீக்கிய எலியில் இரண்டு பேசிஜினுமே இல்லை. சேதத்தில் யார் பங்கு எவ்வளவு என்று அந்த எலி சொல்லாது. பேசிஜின்-1இன் கூடுதல் மூன்றாவது மடிப்புக்கான எக்ஸானை (மரபணுத் துண்டை) மட்டும் வெட்டிப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

ஆனாலும் பேசிஜின்-2 பக்கம் என்னைச் சாய்ப்பது சரக்குப் போக்குவரத்துக் கணக்குதான். ஒளிவாங்கிகள் தள்ளும் லாக்டேட்டை நிறமிப் படலம் எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. அதனால் ரத்தத்திலிருந்து வரும் குளுக்கோஸைத் தான் தின்னாமல் விழித்திரைக்கு விட்டுவிடுகிறது. எம்.சி.டி.-1 வாசல் அடைபட்டால் படலம் அந்தக் குளுக்கோஸிலேயே கைவைக்கும். அப்போது கூம்பு செல்லின் வாசலில் பேசிஜின்-1ம் குளூட்-1ம் தயாராக நின்று என்ன பயன், உள்ளே எடுக்கச் சரக்கு வரவேண்டுமே.