பார்மசி படிப்பு: ஆய்வகமா, வார்டா?

பார்மசி கல்வியில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மருந்தைச் சுற்றியது: வேதியியல், மாத்திரை தயாரிப்பு, தரப் பரிசோதனை. மற்றது நோயாளியைச் சுற்றியது: பார்ம்.டி (டாக்டர் ஆஃப் பார்மசி). தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1950இல் இதைத் தொடங்கியது. இந்தியாவுக்கு 2008இல் வந்தது. ஆறு வருடப் படிப்பில் கடைசி வருடம் முழுக்க மருத்துவமனைப் பயிற்சி.

எது மேல் என்று பாடத்திட்டத்தைப் பார்த்துச் சொல்வதைவிட, ஒரு நோயாளியை வைத்துப் பார்க்கலாம். வலிப்புக்கு ஃபெனிட்டோயின் காப்ஸ்யூல் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறது. அதனால் திரவ மருந்துக்கு மாற்றுகிறார்கள்.

ஆய்வகத்தில் ஊறியவர் உடனே கேட்பார்: காப்ஸ்யூலில் இருப்பது சோடியம் உப்பு அல்லவா? 100 மி.கி. காப்ஸ்யூலில் உண்மையான ஃபெனிட்டோயின் சுமார் 92 மி.கி.தான். திரவத்தில் இருப்பது அமில வடிவம், அதாவது முழுக்க ஃபெனிட்டோயின். அதே அளவை அப்படியே எழுதினால் கொஞ்சம் கூடுதலாகப் போகும். கொஞ்சம்தானே என்று விடவும் முடியாது. இந்த மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதிகள் ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும். அதற்கு மேல் டோஸைச் சிறிது ஏற்றினாலே இரத்த அளவு எகிறிவிடும். பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் ஒவ்வொரு டோஸும் ஒவ்வொரு அளவாகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

வார்டில் பயின்றவரின் கண் வேறு இடத்துக்குப் போகும். குழாய் உணவு இந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், அதனால் இடைவெளி விட வேண்டும். அப்புறம், மருந்து ஒட்டிக்கொள்ளும் இரத்தப் புரதமான ஆல்புமின். அது குறைந்திருந்தால், பரிசோதனைத் தாளில் மி.லி.க்கு 10–20 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குள் எண் இருந்தும் நோயாளி தள்ளாடலாம். புரதத்தோடு ஒட்டாத மருந்து கூடிப்போயிருக்கும். கட்டில் அருகே போய்ப் பார்ப்பவருக்கே இது பிடிபடும்.

என் கட்சி இரண்டாவது வழிதான். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்களோடு மருந்தாளுநரும் சுற்றுக்குப் போனார். மருந்து எழுதுவதில் நேரும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 1000 நோயாளி நாட்களுக்கு 10.4இலிருந்து 3.5ஆகக் குறைந்தன. ஆனால் வார்டு நேரத்துக்காக வேதியியலை வெட்டும் பாடத்திட்டத்தை என்னால் ஏற்க முடியாது. அந்த 92 மி.கி. கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

மருந்து உருவாக்கம், உற்பத்தி, புதிய மருந்து வடிவங்கள் பற்றிய ஆராய்ச்சி என்றால் பி.பார்ம், அதற்குமேல் எம்.பார்ம் என்பது நேரான பாதை. சரி, பார்ம்.டி என்று முடிவெடுத்தால் கல்லூரியில் இதைக் கேளுங்கள்: மாணவர்கள் தினமும் வார்டு சுற்றுக்குப் போகிறார்களா, அவர்கள் சொல்லும் டோஸ் திருத்தத்தை மருத்துவர் காதில் வாங்குகிறாரா?