கே-ஸ்மார்ட் கட்டிட பெர்மிட்: பணம் வாங்குவதில் கெட்டி, கணக்குச் சொல்வதில் ஊமை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் வீடு கட்டுபவர்கள் இப்போது ஃபைலைத் தூக்கிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸில் நிற்க வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் நகராட்சிகளில் தொடங்கிய கே-ஸ்மார்ட் என்ற கேரள உள்ளாட்சி ஆன்லைன் சேவை, 2025 ஏப்ரலில் பஞ்சாயத்துகளுக்கும் வந்துவிட்டது. 300 சதுர மீட்டருக்குள், இரண்டு தளத்துக்குள் உள்ள வீடு என்றால் லைசன்ஸ் உள்ள எஞ்சினியர் சுயசான்று போட்டு பிளானை ஏற்றினால் போதும். பணம் கட்டியதும் பெர்மிட். வேகத்துக்கு முழு மார்க் கொடுக்கலாம்.

கட்டணத்தில்தான் கண் வைக்க வேண்டும். 2023 ஏப்ரலில் எகிறியது 2024 ஆகஸ்ட் 1 முதல் இறங்கியிருக்கிறது. 80 சதுர மீட்டர் வரை அந்த உயர்வே பொருந்தவில்லை. அதற்கு மேல் பஞ்சாயத்தில் 150 வரை மீட்டருக்கு 25 ரூபாய், 300 வரை 50, அதையும் தாண்டினால் 100. சித்தூர்-தத்தமங்கலம் போன்ற நகராட்சியில் இதுவே 35, 60, 100. விண்ணப்பக் கட்டணம் தனி.

இந்த ரேட் கூடுதல் பரப்புக்கு மட்டுமல்ல, மொத்தப் பரப்புக்கும். பஞ்சாயத்தில் 150 மீட்டர் வீட்டுக்கு 3,750 ரூபாய். 151 என்றால் 7,550. ஒரே ஒரு மீட்டருக்கு 3,800 ரூபாய் அதிகம்! வருமான வரி மாதிரி படிப்படியாக வைத்திருக்கலாம், வைக்கவில்லை. ஆகவே பிளானில் எதெல்லாம் பரப்பில் சேர்கிறது என்று வரைவதற்கு முன்பே எஞ்சினியரிடம் கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் நிலத்தில். கிராம ஆவணத்தில் 'நிலம்' (கேரள வருவாய் மொழியில் நெல்வயல்) என்று கிடந்தால், வரி கட்டிய ரசீதும் பொசஷன் சர்ட்டிபிகேட்டும் இருந்தும் பயனில்லை. டேட்டா பேங்கில், அதாவது பாதுகாக்கப்பட்ட வயல்களின் பட்டியலில், இருந்தால் ஃபார்ம் 5 போட்டு நீக்க வேண்டும், அதன்பிறகு வகை மாற்றம். சுயசான்றில் இதை மறைத்தால் பெர்மிட் உடனே வரும். பிறகு பிடிபட்டால் எஞ்சினியரின் லைசன்ஸும் உங்கள் வீட்டு நம்பரும் சேர்ந்து சிக்கும்.

என் பெரிய குறை வேறு. இந்தப் பணம் பஞ்சாயத்தின் சொந்த வருமானத்தில் சேர்கிறது. ரோட்டுக்கு இவ்வளவு, சாக்கடைக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு இல்லை. எல்லையில் வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாட்டில் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவில் வளர்ச்சிக் கட்டணம், 63-பி பிரிவில் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணம் என்று எதற்கு வாங்குகிறார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. (அந்த வசதிக் கட்டணமும் மாநில நிதிக்குத்தான் போகிறது, ஊருக்கு வர வேண்டுமானால் அங்கேயும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.) ஆனால் லேஅவுட் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதம் திறந்தவெளி. 10,000-ஐத் தாண்டினால் பணம் கட்டித் தப்ப முடியாது, நிலமாகவே கொடுக்க வேண்டும். கட்டணத்தை விட அந்த விதிதான் உருப்படியானது. பார்க்குக்கு இடமாவது மிஞ்சும்.

சேவைக்கு ஐந்துக்கு நாலு, கட்டண அமைப்புக்கு இரண்டு.

பட்ஜெட் போடும்போது இவற்றையும் சேருங்கள்: கட்டுமானச் செலவு அரசு வைத்த வரம்பைத் தாண்டினால் 1 சதவீதம் தொழிலாளர் செஸ், 100 சதுர மீட்டருக்கு மேல் என்றால் வருவாய்த் துறைக்கு ஒருமுறை கட்டிட வரி. குடிநீர் இணைப்புக்கும் வாட்டர் அதாரிட்டியில் தனி விண்ணப்பம், தனிப் பணம்.